இடங்கொடுத்தல்

தமிழில் வீடு என்னுஞ் சொல் இல்லத்துக்கும் முத்திக்கும் ஒருங்கே வழங்கும். ஏழை ஒருவன் நாடோறுந் தேடுவதனையும் ஞானி ஒருவன் பிறவிதோறுந் தேடுவதனையும் ஒரே சொல்லாற் குறித்தல் இம்மொழிக்கு வாய்த்ததொரு தனிப்பேறு. முத்தியாகிய வீட்டைச் சைவ சாத்திரங்கள் விரித்துரைத்தன. இல்லமாகிய வீட்டை அவை அவ்வளவு விரித்தில. அஃது அவை நுதலிய பொருளன்று. ஆயினும் அறுபதும் எழுபதுங் கடந்த ஒருவர், கடையடைத்த வீதியில், இன்றிரவு எங்கே கிடப்பது என்னுங் கவலையோடு நிற்பாராயின், அவர் நிலை பற்றிச் சித்தாந்தங் கூறுவது யாது என்று வினாவினார்க்கு விடை இறுக்குங் கடப்பாடு சைவர்க்கு உண்டு.

அத்தகையார் ஒருவர் இருவர் அல்லர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் அறுபதாண்டு நிரம்பினார் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர். வீடின்றி வெளியிற் கிடந்தாராக எண்ணப்பட்டோர் பதினேழு லட்சத்துக்கு மேற்பட்டோர். எண்ணப்படாதாரும் உளர். உறவினர் வீட்டுக் கூடத்தில் ஒரு திங்களும் மற்றோர் உறவினர் வீட்டுப் புறந்திண்ணையில் ஒரு திங்களுமாகக் காலங்கழிப்பார் வீடுடையார் கணக்கிலேயே அடங்கிவிடுவர். மளிகைக் கடையிலும் சமையற்கட்டிலும் அச்சுக்கூடத்திலும் நாற்பதாண்டு உழைத்து, ஓய்வூதியம் என்பதொன்று இன்றி வெளிவந்தோர் பலர். கணவனை இழந்தபின் வாடகை கொடுக்கலாற்றாத மூதாட்டிமார் பலர். வாழ்ந்த வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவ்வீட்டின் வாயிலுக்குப் புறத்தே நிற்பாரும் உளர். தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோர்க்குத் திங்கள்தோறும் அரசு அளிக்கும் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தொகை முழுவதையுங் கொடுத்தாலும் ஓர் அறை வாடகைக்குக் கிடைக்கும் நகரம் அரிது. கிடைப்பினும் உணவுக்கு யாது செய்வது?

பொருட்குறை ஒன்றே தடையாயின் அது பற்றிச் சமய இதழில் எழுதவேண்டுவது சிறிதே. வாடகை கொடுக்க வல்ல முதியோரும் வீட்டுக்காரரால் மறுக்கப்படுகின்றனர். மறுப்பார் வாய்விட்டுச் சொல்லாத காரணம், இவர் இங்கே இறந்துவிடின் என் செய்வது என்பதே. அவிட்டம் முதலிய ஐந்து நாண்மீன்களில் இறப்பு நேரின் தனிட்டா பஞ்சமி என்று அவ்விடத்தைச் சில திங்கள் அடைத்திடுதல் வழக்கம். அதனை அஞ்சியே, தனித்த முதியவர் வந்து கேட்குமிடத்து, வேறொருவர் முன்பணங் கொடுத்துவிட்டார் என்று பொய் சொல்லி அனுப்புவோர் திருநீறு பூசிய நெற்றியரே. ஆகவே இது பொருள்நூல் பற்றிய வினா மட்டும் அன்று. சைவர் தம் கொள்கையை எங்ஙனங் கொண்டுள்ளனர் என்பது பற்றிய வினாவுமாம்.

வினைக் கொள்கையை நன்கு பயின்றாரிடமிருந்தே முதற்கண் ஒரு தடை எழுகின்றது. முதுமையில் இடமின்றி அலைதல் அவ்வுயிர் முன் ஈட்டிய வினையின் பயன்; பிராரத்தம் நுகர்ந்தன்றித் தீராது; நுகர்விப்பவன் இறைவன்; அவன் நுகர்விப்பதனை இடையிற் புகுந்து மாற்ற முயலுதல் அறியாமையாம் என்பர். இங்ஙனங் கூறுவார் தம் தலைவலிக்கு மருந்துண்ணத் தவறுவதில்லை என்பது ஒருபுறம் நிற்க. கொள்கையளவில் அத்தடையை ஆராய்தல் வேண்டும்.

பிராரத்தம் ஆதிதைவிகம், ஆதியான்மிகம், ஆதிபௌதிகம் என மூவழியால் வந்து பயன்படும் என்பர் உரையாசிரியர். கருவிற் படும் துன்பம், பிறத்தல், மூத்தல், இறத்தல் முதலியன தெய்வத்தால் வருவன. தன்னாலும் பிற உயிர்களாலும் வருவன ஆதியான்மிகம். மழை, பனி, வெயில் முதலிய பூதங்களால் வருவன ஆதிபௌதிகம். வீடற்ற முதியவர் ஒருவரை நோக்கின் இம்மூன்றும் ஒருங்கே அவர்மேற் கிடத்தல் புலனாம். மூப்புத் தெய்வத்தால் வந்தது. அதனைத் தடுக்க வல்லார் இலர். மழையும் பனியும் பூதத்தால் வந்தன. அவற்றை ஒரு கூரை தடுக்கும். வெளியே தள்ளுண்டதோ மகனாலும் மருகியாலும் வீட்டுக்காரராலும் வந்தது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, எல்லாம் விதி என்று ஒரு சொல்லில் முடித்தல் நூலோர் வகுத்த வகுப்பையே அழித்தலாகும். தள்ளினவன் தான் செய்தது ஊழின் ஏவல் என்று தப்பமுடியாது. தள்ளுண்டவர்க்குப் பழவினையின் பயனாய் முடிந்த அச்செயலே தள்ளினவனுக்கு ஆகாமியமாய் ஏறுகின்றது.

தள்ளினவன் நிலை அது. தள்ளாதவனாய், ஒன்றுஞ் செய்யாது வாளா இருந்தவன் நிலை யாது? இவ்விடத்தில் அருணந்தி சிவாசாரியர் வகுத்த இலக்கணம் கூரியது. சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அவர் வினையை இதம் அகிதம் என இரண்டாக்கி, உயிர்களுக்கு நலம் புரிதலை இதம் என்றார். அகிதத்துக்கு இலக்கணங் கூறப் புகுந்தபோது, தீங்கிழைத்தலை மட்டும் எடுத்தோதினாரல்லர். அந்நலம் புரியாதொழிதலையே அகிதமாகக் கொண்டார். மேலும், இதத்தையும் அகிதத்தையும் இறைவனே தனக்குச் செய்தனவாக ஏற்றுக்கொண்டு அவற்றுக்கேற்ற இன்ப துன்பங்களை அளிப்பன் என்றார். ஆதலின், அவர் வினையை அவர் நுகர்கின்றார், யான் ஒன்றுஞ் செய்திலேன் என்பது சித்தாந்தியின் வாயில் வரத்தக்க விடையன்று. ஒன்றுஞ் செய்யாமை அவன் கணக்கில் ஒரு வினையாக எழுதப்பட்டேவிட்டது. இன்னொன்று: அம்முதியவர்க்குத் துன்பந் தரும் வினை இன்று முடியவேண்டுவதோ நாளை முடியவேண்டுவதோ பசுவறிவால் அறிதற்கரிது. முடியுங்காலம் வந்துற்ற வினைக்கு முடிவைத் தரும் கருவியாகத் தன் வாயிலே அமைந்திருக்கலாம் என்பதனை வினைக் கொள்கையினன் நினையாதிருத்தல் எங்ஙனம்?

இனி, இடம் என்பது சித்தாந்தத்தில் எவ்விடத்து வைத்து எண்ணப்படுகின்றது என்று காண்க. ஆணவத்தால் மறைப்புண்டு கிடந்த உயிர்களுக்கு அருளினால் இறைவன் மாயையினின்றும் படைத்தளிப்பன தனு, கரணம், புவனம், போகம் என நான்கு. உடம்பும் கருவியும் கொடுத்த இறைவன், அவை தங்குதற்குப் புவனமும், நுகர்தற்குப் போகமும் கொடுத்தான். தங்குமிடம் உயிர்க்கு மிகையாய் வந்த செல்வமன்று. உடம்பைப் போலவே, மலம் நீங்கும்பொருட்டு அருளப்பட்ட துணை. கால் ஊன்ற இடமில்லாத உயிர்க்கு மற்றை மூன்றும் பயன்படா. இரவெல்லாம் காவலர் எழுப்பவும் நாய் குரைப்பவும் இடம் மாறி மாறி இருக்கும் முதியவர்க்கு ஐந்தெழுத்தை எண்ணுதற்குரிய மன ஒடுக்கம் எங்கிருந்து வரும்? மூப்பு, உயிர் தன் கணக்கை முடிக்கும் பருவம். அப்பருவத்துக்கு இடம் இல்லையெனச் செய்தல், இறைவன் கொடுத்த நான்கனுள் ஒன்றை நடுவே நின்று பறித்தலோடொக்கும்.

அந்நான்கனுள் புவனம் போகத்துக்கு முன் வைத்து எண்ணப்பட்டமை நோக்கத்தக்கது. வைப்புமுறையிற் பொருள் காணுதல் மிகை எனின் ஆகுக. இளையான்குடி மாற நாயனார் புராணத்தில் அம்முறையே செயலாகி நிற்றலைக் காணலாம். அந்நாயனார் பெயரைக் கேட்டவுடன் யாவர்க்கும் நினைவு வருவது விதைத்த நெல்லை வாரிவந்து அமுதாக்கிய செயலே. சேக்கிழார் பெருமானோ அதற்கு முன் மற்றொன்றைச் சொல்லிப் போகின்றார். மாரிக்காலத்து நள்ளிரவில் அடியவராய் வந்த இறைவனை மாறனார் எதிர்கொண்டு, முதலில் நனைந்த திருமேனியின் ஈரத்தைத் துடைத்தார், அடுத்து இடங்கொடுத்தார், அமுதூட்டும் ஆசை அதன் பின்னரே எழுந்தது. நெல் வாரியது செயற்கருஞ்செயலாதலின் உலகம் அதனைப் போற்றுகின்றது. ஈரந் துடைத்து இடங்கொடுத்தது எளிய செயலாதலின் உலகம் அதனை மறந்தது. அன்றியும், அவ்வில்லம் செம்மையான கட்டடமோ எனின், அன்று. விறகு இல்லாமையால் அறுந்து வீழும் நிலையிலிருந்த கூரை அலக்கை அறுத்து அடுப்புக்கு இட்டார் என்பதனால் அக்கூரையின் தன்மை விளங்கும். இற்றுக்கொண்டிருந்த கூரையின்கீழ் இடம் இருந்தது.

சைவவுலகம் அன்னம்பாலிப்பில் என்றுங் குறைவு வைத்ததில்லை. தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் 2002இல் தொடங்கப்பட்ட அன்னதானத் திட்டத்தால் நண்பகலிற் பசியாறுவார் மிகப் பலர். கோபுரவாயிலில் இருக்கும் முதியோர்க்கு உச்சிவேளையில் இலை உண்டு. அர்த்தசாமம் முடிந்து கதவடைத்தபின் படுக்க இடமில்லை. முன்னாளில் வீதிதோறும் திண்ணைகள் இருந்தன. திண்ணை வைத்துக் கட்டுதல் வழிச்செல்வார் பொருட்டு என்பது வீடு கட்டுவார் எல்லார்க்கும் உடன்பாடாயிருந்தது. பின்னர்த் திண்ணைக்குக் கம்பிக்கதவு வந்தது. அதன்பின் திண்ணையே போய், அவ்விடத்து வண்டி நிற்கின்றது. சத்திரங்கள் பல இருந்தனவே எனின், சத்திரம் வழிப்போக்கர்க்கு உரியது. ஒரத்தநாட்டில் தஞ்சைச் சரபோசி மன்னர் காலத்தெழுந்த முத்தாம்பாள் சத்திரம் போல்வன இராமேச்சுரத்துக்குப் போவாரையும் வருவாரையும் மனத்திற்கொண்டு எழுந்தவை. போகும் வழியே இல்லாதார் அங்கு எத்தனை நாள் இருத்தல் கூடும்?

உணவில் தொடங்கிய அறம் இடத்தில் வந்து முடிந்ததற்குச் சென்னையிலே ஒரு சான்று உண்டு. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்த்தற்பொருட்டு எழுந்தது மணியக்காரர் சத்திரம். அதனையொட்டி நோயாளர்க்கு மருத்துவம் நிகழ்ந்து, அது வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பொதுமக்கள் அதனை அழைத்ததன் காரணம் இதுவே. சத்திரமோ ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லமாயிற்று. பஞ்சம் நீங்கியபின் கஞ்சிக்கு வந்தோரிற் பலர் தத்தம் ஊருக்குத் திரும்பியிருப்பர். திரும்ப ஊரில்லாத முதியோர்க்கு வேண்டியது கஞ்சியினும் இடமே என்பதனை அச்சத்திரத்தின் வரலாறு காட்டுகின்றது.

மற்றொரு தடையும் உண்டு, அது நுண்ணியது. முதியோர் யாவர்க்கும் பொதுவாக இடங்கொடுத்தல் பசுபுண்ணியமே. சிவனடியார்க்குச் செய்வதே சிவபுண்ணியம். பசுபுண்ணியம் போகத்தைக் கொடுத்து மீளப் பிறப்பில் விடும். ஆதலின் திருப்பணிக்கும் குருபூசைக்கும் உரிய பொருளை அதன்கண் செலவிடல் தகாது என்பர். இரண்டற்கும் வேறுபாடு உண்டென்பது உண்மை. அதனை மறுத்தல் சாத்திரத்தை மறுத்தலாம். ஆனால் வாயிலில் நிற்பவர் அடியாரா அல்லரா என்று துணிதல் எங்ஙனம்? திருவதிகைக்கு அயலே சித்தவட மடத்தில் நிகழ்ந்ததை நினைக. அப்பர் சுவாமிகள் உழவாரப்பணி செய்த தலத்தைக் காலால் மிதித்தற்கு அஞ்சி நம்பியாரூரர் அம்மடத்தில் துயின்றார். முதிய வேதியர் ஒருவர் உட்புகுந்து, அவர் முடிமேல் அடி படும்படி பள்ளிகொண்டார். ஏன் இங்ஙனஞ் செய்தீர் என்றதற்கு, மூப்பினால் திசை அறியவில்லை என்பதே விடையாய் வந்தது. நம்பிகள் தலையை வேறொரு பக்கம் வைத்துத் துயின்றார். அங்கும் அடி வந்தது.

அக்கதையில் இருவகை உண்மை உள. வந்தவர் யாவர் என்பது, திருவெண்ணெய்நல்லூரில் ஆட்கொள்ளப்பெற்ற நம்பிகளுக்கே அப்பொழுது தெரிந்திலது. தெரியாதபோதும் அவர் முதியவரை வெளியே போக்க எண்ணினாரல்லர், தாம் இடம்பெயர்ந்தார். பலகாலும் மிதிபட்ட பின்னரே, நீர் யார் என்னும் வினா எழுந்தது. இஃது ஒன்று. அம்முதியவர் யாரிடமும் இசைவு கேட்டாரல்லர் என்பது மற்றொன்று. மடம் பொதுவிடம், மூத்தவர் ஒருவர் அங்கு வந்து படுத்தற்கு ஒருவர் தயவும் வேண்டியதில்லை. இரந்து பெற்ற மூலைக்கும் உரிமையாற் கிடைத்த மூலைக்கும் அளவு ஒன்றேயாயினும், அவற்றிற் படுக்கும் முதியவர்க்கு உறக்கம் ஒன்றன்று. சூலைநோயோடு இரவில் திருவதிகைக்கு வந்த தருமசேனர்க்குத் தமக்கையார் திருமடம் என்றொரு கதவு தட்டுதற்கு இருந்தமையும் ஈண்டு நினைவு கூரத்தக்கது. அக்கதவு இல்லையாயின் தேவாரம் இல்லை. பிற்காலத்து மூப்பில் அவரே திருப்பூந்துருத்தியில் திருமடம் அமைத்து எழுந்தருளியிருந்தார்.

சட்டம் ஒருவாற்றான் முன்னரே வந்துவிட்டது. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்னுஞ் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து உணவு, உடை, மருத்துவம் இவற்றோடு உறைவிடத்தையுஞ் சேர்த்துக் கூறுகின்றது. காப்பாற்றுதல் வேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, காப்பாற்றாதபோது மீட்டுக்கொள்ள அதன் 23ஆம் பிரிவு வழிசெய்கின்றது. நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்று 2022இல் உச்சநீதிமன்றம் கூறிற்று; 2025 சனவரியில், முதியோர் நலத்தை நோக்கி அப்பிரிவைத் தாராளமாகக் கொள்ளல் வேண்டும் என்று மற்றொரு வழக்கிற் கூறிற்று. ஆகையால் எழுதிக் கொடுக்கும் முதியோர் அந்நிபந்தனையை எழுத்தில் வைத்துக்கொள்ளுதலே அறிவுடைமை. மகனிடம் நிபந்தனை கேட்பதா என்னும் நாணம் பலரைத் தெருவில் நிறுத்தியுள்ளது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் ஒன்றேனும் படிப்படியாக அமைதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்திற் கண்டதே. ஆனால் பிள்ளையே இல்லாதார்க்கு மகன்மேல் வழக்கு இல்லை. இல்லத்திற் சேர்ந்து பிறர் அடித்த மணிக்கு எழுந்து உண்டு உறங்க விரும்பாது, தம் கையால் உலைவைத்துத் தம் சிவபூசையைத் தாமே செய்து, இயன்ற வாடகையைக் கொடுத்து ஓர் அறையில் இருக்க விரும்பும் முதியோரும் மிகப் பலர். அவர் வேண்டுவது பிச்சையன்று, தாங்கத்தக்க வாடகை.

சைவர்க்கு இங்கே ஒரு வழி திறந்திருக்கின்றது. பெருங்கோயில்களைச் சூழ்ந்த மடவிளாகத் தெருக்களில் கோயிலுக்கும் மடங்களுக்கும் உரிய மனைகளும் வீடுகளும் உள. பூட்டிக் கிடந்து ஓடு சரிவனவும் உள. அவற்றைச் சிற்றறைகளாகச் செப்பஞ் செய்து முதியோர்க்குக் குறைந்த வாடகைக்கு விடலாம் என்று சொல்லுதல் எளிது. அதிலுள்ள இடர்ப்பாட்டையும் மறைக்கலாகாது. அம்மனை ஒரு விளக்குக் கட்டளைக்கோ அமுதுபடிக் கட்டளைக்கோ முன்னோர் விட்டதாக இருக்கும். வாடகையைக் குறைத்தால் விளக்கில் எண்ணெய் குறையும். நியாய வாடகைக்குக் குறைத்து விடுதற்கு அறநிலையச் சட்டமும் எளிதில் இடந்தராது. ஒருவர் சிவனுக்கென்று விட்டதனை மற்றொருவர் தம் இரக்கத்துக்காக மாற்றுதல் சிவத்திரவியத்தைத் தொடுதலாம் என்று அஞ்சுவாருடைய அச்சம் போலியன்று.

ஆயின் அம்மனையின் வாடகை குறையவேண்டுவதில்லை. குறையை நிரப்புவார் வேண்டும். உச்சிக்கால அன்னதானத்துக்குத் தம் பிறந்தநாளிலும் தாய்தந்தையர் திதியிலும் கட்டளை வைக்கும் அன்பர்கள், அம்முறையிலேயே உறையுட் கட்டளை ஒன்று வைக்கலாம். முதியவர் ஒருவர் தம்மால் இயன்ற ஐந்நூறோ ஆயிரமோ கொடுப்பர், எஞ்சியதைக் கட்டளை கொடுக்கும், கோயிலுக்குச் சேரவேண்டியது முழுதுஞ் சேரும், விளக்கும் எரியும். பத்து அன்பர் கூடின் ஓர் அறை. ஓர் ஊர்ச் சைவசபை கூடின் ஒரு தெரு. கட்டளைக்காரர் பெயரை அறையின் கதவிற் பொறித்தல் மட்டும் வேண்டா. அன்னதானத்தில் உண்பவர் ஒரு நாழிகையில் எழுந்து போய்விடுவர். அறையில் இருப்பவரோ தம் ஏழைமைக்குச் சாட்சியாக அப்பெயரை நாடோறும் காண நேரும்.

அக்கட்டளைச் சாசனத்தில் எழுதவேண்டுவது இன்னும் ஒன்று உண்டு. அறையிற் குடியிருப்பவர் அவ்வறையிலேயே இறக்கலாம் என்பது வெளிப்படையாக எழுதப்படுதல் வேண்டும். இக்காலத்து முதியோர் பலர் இடமின்றி அலைதற்கு வாடகையினும் பெரிய காரணம் அதுவே என்பது முன்னர்க் காட்டப்பட்டது. இறப்பினால் வரும் ஆசௌசம் நாட்கணக்கில் நீங்குவது, வீட்டைக் கெடுப்பதன்று. தனிட்டா பஞ்சமியை நம்புவார்க்கு அவ்வறையைச் சில திங்கள் அடைத்து வைக்கும் இழப்பையுங் கட்டளையே ஏற்கலாம். சாந்தி செய்வாரும் செய்க. ஈமச்செலவுக்கு ஒரு தொகையும், அந்தியேட்டி செய்விக்க ஒருவரும், தேவாரம் ஓத ஓர் ஓதுவாரும் அதிலேயே குறிக்கப்படுக. கூலியின்றிக் கிடக்கும் ஓதுவார்கள் ஊர்தோறும் உளர். அவர்களுள் முதியோரே சிலர் அவ்வறைகளில் ஒன்றைக் கேட்டு வருவர்.